தானிருக்கும் இடம்

இணைய உலாவியின் சட்டத்துக்குள் விரிகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் தன்னுடைய இடப்பக்க மேல்மூலையே ஆதி. அம்மூலையில் இரண்டு எண்களும் பூஜ்யம்; அங்கிருந்து வலப்பக்கமாக எத்தனை புள்ளி, கீழ்நோக்கி எத்தனை புள்ளி என்று கணக்கிட்டுத் தன்மேல் உள்ள எழுத்தையும் படத்தையும் பொத்தானையும் அது எங்கெங்கே வைத்திருக்கிறது என்பதை ஒரு மயிரிழை பிசகாமல் சொல்லிவிடும். பக்கத்துக்குள்ளே நின்று இயங்கும் நிரல் தன்னகத்தில் உள்ள எப்பொருளைப் பற்றிக் கேட்டாலும் உடனே விடை பெறுகிறது. ஆயினும் அந்தப் பக்கமே, அதைத் தாங்கும் சாளரமே, பெருந்திரையின் எந்த மூலையில் நிற்கிறது என்று கேட்டால், அதுவரை தங்குதடையின்றி ஓடிய கணக்கு தடுமாறத் தொடங்குகிறது. தன்னுள் இருப்பவற்றையெல்லாம் ஐயந்திரிபற அறிந்த ஒரு பொருள், தான் இருக்குமிடத்தையும் தன் அறிவொன்றையே துணையாகக் கொண்டு அறிந்துவிடுமா என்னும் கேள்வி ஆத்ம விசாரத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று; தாமிரபரணி பாயும் இந்நாட்டில் அதை ஆராய்ந்தவர்கள் பலர். அதே கேள்வியை ஒரு கண்ணாடித் திரையில், எண்களோடு, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நம் காலத்துக்குக் கிடைத்திருப்பதாலேயே இதை எழுதத் துணிகிறேன்.

சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபில் வந்தவர்கள் அறிவு பிறக்கும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகச் சுருக்கினர். வடமொழியாளர் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்பவை இவையே. அருணந்தி சிவாசாரியார் தம் சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளை ஆராயும்போது, பிறர் கூறிய பலவற்றையும் இம்மூன்றனுள் அடக்கிக் காட்டுகிறார். தன் இருப்பிடம் தேடும் பக்கத்துக்கும் இம்மூன்று வாயில்களே உள்ளன என்பதும், அவற்றின் தராதரமும் ஏறக்குறைய அவ்வாசிரியர்கள் வகுத்தபடியே அமைந்திருக்கிறது என்பதும் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்த விஷயங்கள்.

முதலாவது உரை. பக்கம் தன்னைச் சுமந்திருக்கும் உலாவியையே கேட்கலாம்; ‘ஸ்கிரீன்எக்ஸ்’, ‘ஸ்கிரீன்ஒய்’ என்னும் இரண்டு பெயர்களைச் சொல்லி வினவினால் உலாவி இரண்டு எண்களைத் தரும். பக்கத்தினும் மேலான நிலையில் நின்று அதனை ஆளும் ஒன்றன் வாக்கு ஆதலால் இதை ஆப்த வாக்கியம் என்றே கொள்ளலாம். ஆனால் ஆப்த வாக்கியமும் எதைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று தெரியாதவரை பயன்படுவதில்லை. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஆக்கித் தந்த பிறகு, அந்நிறுவனத்தின் உலாவியும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் எதிரெதிராக வளர்ந்த காலத்தில், ‘நான் எங்கே’ என்ற ஒரே கேள்விக்கு இரண்டு மரபுகள் தோன்றின. முதல் மரபு சாளரத்தின் வெளிச்சட்டம் தொடங்கும் மூலையைச் சொல்லிற்று. எக்ஸ்புளோரரோ ‘ஸ்கிரீன்லெஃப்ட்’, ‘ஸ்கிரீன்டாப்’ என்று வேறு பெயர்கள் வைத்து, சட்டத்தையும் கருவிப்பட்டைகளையும் கடந்து உள்ளே பக்கம் தொடங்கும் மூலையைச் சொல்லிற்று. ஒன்று உடம்பின் எல்லையைக் காட்டியது; மற்றொன்று உடம்புக்குள் குடியிருப்பது எங்கே தொடங்குகிறதோ அதைக் காட்டியது. இரண்டும் உண்மையே, ஒன்றைக் கேட்டு மற்றதைப் பெற்றவன்தான் ஏமாந்தான். இன்று வழக்கிலுள்ள உலாவிகள் பெரும்பாலும் வெளிச்சட்டத்தின் மூலையையே இரண்டு பெயர்களுக்கும் விடையாகத் தருகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் தனக்கே உரிய வேறொரு பெயரில் உள்மூலையையும் சொல்கிறது.

இரண்டாவது கருதல். வெளிச்சட்டத்தின் அகலம் 1016 புள்ளி, உள்ளே பக்கத்தின் அகலம் 1000 புள்ளி என்று தெரிந்தால், மிகுந்த 16-ஐ இரு பக்கத்துக்கும் சமமாகப் பகிர்ந்து, ஓரம் ஒவ்வொன்றும் 8 என்று துணியலாம். வெளி உயரம் 799, உள் உயரம் 700 என்றால், மிகுந்த 99-இல் கீழோரத்துக்கு 8 போக எஞ்சிய 91-உம் மேலே உள்ள பட்டைகளுக்கே உரியது என்று ஊகிக்கலாம். சட்டத்தின் மூலை திரையில் 332, 120 என்று உலாவி சொல்லியிருந்தால், பக்கத்தின் மூலை 340, 211 என்று கணக்கு முடியும். அழகான கணக்குத்தான். ஆனால் நிரலாளர் பிழை தேடுவதற்காகத் திறந்துகொள்ளும் ஆய்வுப் பலகையைச் சாளரத்தின் அடியில் பொருத்திவைத்தால், அதன் உயரமும் மேலே இருப்பதாகவே இந்த ஊகம் எண்ணிக்கொள்ளும். ஓரங்கள் எங்கும் ஒத்திருக்கும், மிகுந்ததெல்லாம் மேலேயே இருக்கும் என்னும் வியாப்தி உடைந்தவுடன் அனுமானமும் உடைகிறது. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது உள்ளளவுகோலே நீண்டுவிடுவதால் நேரும் பிழையும் இவ்வினத்ததே.

மூன்றாவது காண்டல், இதைத்தான் நான் விரித்துரைக்க விரும்புகிறேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்துக்காக நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். அங்கே ஒரு மேசையில் இரண்டு திரைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் துறைமுகத்துக்கு வரவிருக்கும் கப்பல்களின் பட்டியல், மற்றொன்றில் சரக்குப் பத்திரங்கள். பட்டியலில் ஒரு கப்பலின் பெயரைச் சொடுக்கினால் அதன் விவரம் தாங்கிய சிறு சாளரம் அந்தப் பெயரை ஒட்டியே திறக்கவேண்டும் என்பது அலுவலகத்தார் விருப்பம். முதன்மைத் திரைக்கு இடப்புறம் நிற்கும் திரையில் எண்கள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடுவதால், ஊகத்தை நம்பிய சிறு சாளரம் பெயரை மூடிக்கொண்டோ, எட்டவோ விழுந்துகொண்டிருந்தது. “சின்னதை எங்க வைக்கணும்னா பெருசு எங்க நிக்குன்னு முதல்ல தெரியணும்லா, அண்ணாச்சி? அத இதுகிட்டயே கேட்டா சட்டத்தோட மூலையச் சொல்லுது, பக்கத்தோட மூலையச் சொல்லமாட்டேங்கு” என்றார் அவர். பிறகு அவர் கண்ட வழி மிகச் சிறியது. சுட்டியின் முனை பக்கத்தைத் தொடும்போது, அந்தத் தொடுகை தன்னோடு இரண்டு சோடி எண்களைக் கொண்டுவருகிறது: பக்கத்தின் மூலையிலிருந்து அளந்த இடம் ஒன்று, பெருந்திரையின் மூலையிலிருந்து அளந்த இடம் மற்றொன்று. தொடப்பட்ட புள்ளி ஒன்றே; அளவைகள் இரண்டு. உள்ளளவில் அது 120, 80. வெளியளவில் 460, 291. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 340, 211. பக்கத்தின் மூலை நிற்குமிடம் அதுவே. சட்டத்தைப் பற்றியோ பட்டைகளைப் பற்றியோ எதையும் அனுமானிக்கத் தேவையில்லை. கப்பலின் பெயரைச் சொடுக்குவதே ஒரு தொடுகை ஆதலால், இடம் தேவைப்படும் அந்தக் கணத்திலேயே இடமறியும் அறிவும் வந்துவிடுகிறது.

எவ்வளவு நுட்பமாகத் தன்னை ஆராய்ந்தாலும் பக்கம் பெறமுடியாத ஒன்றை, வெளியிலிருந்து வந்து படும் ஒரு விரலசைவு கொடுத்துவிடுகிறது. அந்த விரலசைவு உள்ளுக்கும் உரியது, வெளிக்கும் உரியது. ஆகையால்தான் அதனால் கொடுக்கமுடிந்தது. உயிர் அறிவுடையதே, ஆனால் அறிவித்தாலன்றி அறியாத அறிவுடையது என்று சித்தாந்தம் கூறுவதை நான் இளமையில் படித்தபோது, அது உயிரைச் சிறுமைப்படுத்தும் கொள்கை என்றே எனக்குத் தோன்றியது. சடப்பொருள் அறிவித்தாலும் அறியாது. இறைவன் அறிவிக்கவேண்டாமலே அறிவான். உயிரோ இவ்விரண்டுக்கும் நடுவே, அறிவிக்க அறியும் தகுதியோடு நிற்கிறது. இத்தகுதி சிறியதன்று. தொடுகை எத்தனை முறை பட்டாலும் கழித்தல் செய்யத் தெரியாத பொருளுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. கண்ணாடிமேல் ஊர்ந்த எறும்பு கண்ணாடிக்கு எதையும் அறிவிப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றிய சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்துக்குப் பேருரை வகுத்தபோது, இறைவன் உயிருக்குச் செய்யும் உதவியைக் காட்டுதல் என்றும் காணுதல் என்றும் பிரித்து விளக்கும் அம்மரபின் நுட்பத்தை மிக விரிவாக நிறுவினார். பொருளை முன்னே கொண்டுவந்து வைப்பது மட்டும் போதாது, உயிரோடு உடனாக நின்று தானும் காண்பதாலேயே உயிரின் காட்சி நிறைவேறுகிறது என்பது அதன் கருத்து. இரண்டு அளவைகளையும் ஒரே புள்ளியில் ஏந்திவரும் தொடுகையைக் கண்ட பிறகு, அந்த இரண்டாவது உதவி ஏன் வேண்டப்பட்டது என்பது எனக்கு விளங்கிற்று. வெளியளவை மட்டும் கொண்டுவந்தால் பக்கத்துக்கு அது பொருளற்ற எண். உள்ளளவையிலும் இறங்கி வந்தால்தான் அறிவு.

வேதாந்தி இங்கே மறுப்பார். ஆத்மா சுயம்பிரகாசம், விளக்கைக் காண இன்னொரு விளக்கு வேண்டாதவாறு தன்னை அறியத் தனக்கு வேறொன்று வேண்டியதில்லை என்பது அவர் நிலை. அம்மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். பக்கம் தன்னிடத்துள்ள ஒவ்வொன்றையும் எவர் தொடுதலும் இல்லாமலே அளந்துவைத்திருக்கிறதே, அது அந்தச் சுயம்பிரகாசத்துக்குச் சான்றுதான். ஆனால் இருத்தல் வேறு, இருக்குமிடம் வேறு. நான் இருக்கிறேன் என்பதற்குச் சாட்சி நானே போதும். எதற்கு நான் அருகில் இருக்கிறேன், எதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறேன் என்பது சம்பந்தம் பற்றிய அறிவு. சம்பந்தம் இரண்டு பொருள்களுக்கு இடைப்பட்டது ஆதலால் ஒன்றனுள் மட்டும் தேடினால் அது அகப்படாது. வேதாந்தி இதற்கும் விடை வைத்திருப்பார்: இரண்டாவது பொருளே இல்லை, ஆகவே இடம் என்பதும் இல்லை என்பார். அந்த விடையை மறுக்கும் ஆற்றல் எனக்கில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறவருக்கு, இடப்பக்கத்தில் வருகிற சரக்கு லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது தெரிந்தே ஆகவேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்போர் இதை எழுத்தில்லாமலே அறிந்திருந்தனர். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படியும் கடினமான கடலடித் திட்டுகளைப் பார் என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பத்துப் பாக ஆழத்தில் கிடக்கும் பார் நீர்மட்டத்தில் எந்த அடையாளத்தையும் காட்டாது. படகுக்குள்ளே எதைத் தேடினாலும் படகு பாரின்மேல் நிற்கிறதா என்பது விளங்காது. கரையில் முன்னே நிற்கும் பனங்கூட்டமும் பின்னே எழுந்த கோபுரமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும்படி படகைக் கொண்டுவந்து ஒரு கோட்டைப் பிடிப்பார்கள். வேறு திசையில் அவ்வாறே இன்னொரு கோட்டைப் பிடிப்பார்கள். இரண்டும் வெட்டுமிடத்தில் பார். திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரமும், தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயமும், மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயமும் இவ்வாறு கடலுக்குள் இருப்பவனுக்கு இடம் சொல்லி வந்தன. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்க சமயம் தழுவிய பரதவர், முருகன் கோபுரத்தை நோக்கித் தம் இடத்தைத் தேறுவதில் ஒருபோதும் குறை கண்டதில்லை. 1955 முதல் 1961 வரை அரசு நடத்திய முத்துக்குளிப்பே இங்கே கடைசியாக நிகழ்ந்தது. பார்கள் அதன்பின் முத்துக்காகத் திறக்கப்படவில்லை.

கடலில் இடத்தைக் கண்டுவிட்டால் வேலை முடிந்ததென்று இருக்கமுடியாது. நங்கூரம் போடாத படகை நீவாடு என்னும் நீரோட்டம் சத்தமின்றி இழுத்துப் போகும். படகிலுள்ள சட்டி பானை, வலை, கயிறு எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆளுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தில் எந்த மாற்றமும் தோன்றாது. கரையை மறுபடி ஏறிட்டுப் பார்க்கும்போதுதான் கோபுரமும் பனையும் பிரிந்து நிற்பது கண்ணில் படும். உலாவிச் சாளரத்தின் கதையும் சரியாக இதுதான். சாளரத்தின் அளவு மாறினால் பக்கத்துக்கு அறிவிப்பு வரும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் அறிவிப்பு வரும். சாளரத்தை இழுத்து வேறிடத்தில் வைத்தால் மட்டும் எந்த அறிவிப்பும் வருவதில்லை. உள்ளே எதுவுமே மாறாதபோது மாறியது என்று எதைக் கொண்டு அறிவது? நிரல் எழுதுவோர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். அல்லது அடுத்த தொடுகைக்குக் காத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒருபடி மேலே போனால், தான் நகராமலே இடம் மாறிப்போனதற்கும் இக்கரையில் உதாரணம் உண்டு. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, கிரேக்கர் கொல்கொய் என்று எழுதிவைத்த அந்தப் பெருந்துறை, இன்றும் தன் நிலத்திலேயே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல்தான் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊரின் தெருவும் குளமும் ஒன்றுக்கொன்று இருந்த தூரத்தில் இருக்க, துறைமுகமாக இருந்தது வயல்சூழ்ந்த சிற்றூராயிற்று. மனிதனுடைய ஆன்ம வாழ்வில் இவ்விதமான நகர்ச்சியே மிகுதி என்று நான் நம்புகிறேன். பூசை தவறவில்லை, ஒழுக்கம் தவறவில்லை, உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது; ஆயினும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எதன் கரையில் நின்றோமோ அது இப்போது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. இறைவனது உதவி ஒருமுறை நிகழ்ந்து முடிந்த உபகாரம் என்று சொல்லாமல், இடையறாது உடன்நிற்பது என்று சித்தாந்திகள் வற்புறுத்தியதன் காரணத்தை நான் இங்கேதான் காண்கிறேன். நேற்றைய தொடுகையால் பெற்ற விடை நேற்றைக்கு உண்மை.

ஒரு வழக்கை மறைத்துவிட்டால் வாதம் நேர்மையாகாது. வெளியளவையைத் தரக்கூடாது என்றே சில அமைப்புகள் தீர்மானித்திருக்கின்றன. இணையத்தில் ஒருவரைப் பின்தொடர்ந்து அடையாளம் காண்போருக்குச் சாளரம் நிற்குமிடமும் ஒரு துப்பாக உதவும் என்பதால், டோர் உலாவி எங்கே இருந்தாலும் பூஜ்யம், பூஜ்யம் என்றே விடை சொல்கிறது. தொடுகை கொண்டுவரும் வெளியெண்ணையும் உள்ளெண்ணாகவே மாற்றிவிடுகிறது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்ட் என்னும் லினக்ஸ் திரையமைப்பிலோ இது விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது: எந்தச் சாளரமும் தான் பெருவெளியில் எங்கே இருக்கிறது என்பதை அறியாது, எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் அமைக்கும் ஒன்றே அனைத்தின் இடத்தையும் அறியும். இத்தகைய உலகத்தில் பக்கம் தன் மூலையே பிரபஞ்சத்தின் மூலை என்று எண்ணினால் அதைக் குறைசொல்ல முடியாது. அதற்குக் கிடைத்த சான்றெல்லாம் அதையே சொல்கின்றன. ஆழ்வார்திருநகரியின் புளியமரத்தடியில், அசைவின்றி அமர்ந்திருந்த நம்மாழ்வாரிடம் மதுரகவிகள் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வியும் இடம் பற்றியதே: அசேதனமான உடம்பில் நுண்ணிய உயிர் வந்து பிறந்தால் அது எதை அனுபவித்து எவ்விடத்தே இருக்கும்? அந்த உடம்பையே அனுபவித்து அங்கேயே இருக்கும் என்ற கருத்தில் ஆழ்வார் விடை தந்தார் என்பது வரலாறு. உண்பதும் உறைவதும் ஒன்றாகிப் போன உயிருக்கு, வெளியென்று ஒன்று இருப்பதே தோன்றாது.

மறைத்தலையும் இறைவனுடைய ஐந்தொழில்களுள் ஒன்றாக எண்ணி, அதுவும் அருளே என்று சித்தாந்திகள் கூறுவதை இங்கே நினைவுகூரத் தோன்றும். ஆனால் அந்த ஒப்புமையை நான் ஓர் எல்லைக்குமேல் இழுக்கமாட்டேன். உலாவி மறைப்பது அதைப் பயன்படுத்தும் மனிதரைக் காப்பதற்காக. பக்கத்தின் நன்மைக்காக அன்று. திரோதானம் என்னும் அம்மறைத்தலோ மறைக்கப்பட்ட உயிரின் மலம் பரிபாகமடைந்து தீரும்பொருட்டு, அந்த உயிருக்காகவே நிகழ்வது. எனினும் வெளியளவை முற்றும் மறைக்கப்பட்ட பக்கத்துக்கும் ஒன்று எஞ்சுகிறது: தொடுகை. இடத்தைச் சொல்லாவிட்டாலும், சுட்டி வந்து தொடத்தான் செய்கிறது. நிரல் விரும்பினால் தானே ஒரு பொய்த் தொடுகையை உண்டாக்கித் தன்மேல் ஏவிக்கொள்ள முடியும். வெளியெண்ணாக எதை எழுதிவைத்ததோ அதையே அது திரும்பக் கொண்டுவரும். ஒன்றும் எழுதாவிட்டால் பூஜ்யத்தைக் கொண்டுவரும். பக்தி அனுபவம் என்று நாம் போற்றுபவற்றுள் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை என்ற கேள்வி எனக்கு அச்சம் தருவது. ஆனால் ஒவ்வொரு தொடுகையிலும் ‘நம்பத்தக்கது’ என்றோ ‘அன்று’ என்றோ ஒரு முத்திரை இருக்கிறது. மெய்யாகவே பயனரின் செயலால் பிறந்த தொடுகைக்கு மட்டுமே உலாவி முதல் முத்திரையை இடும். பக்கம் அந்த முத்திரையைப் படிக்கலாம். தன் கையால் அதை எழுதமுடியாது.